இறக்கை வைத்த கிரீடம்

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்க ஏறியபோது பழைய ட்ரேசிங் பேப்பர் சுருள் ஒன்று கையில் அகப்பட்டது. விரித்தால் வரிசையாகக் கிரீடங்கள். எதற்கும் கீழே முகம் கிடையாது. எண்பது வயதில் ஸ்டூல் மேல் ஏறினேன் என்று கோபிக்காதீர்கள். இந்த முலுண்ட் வீட்டில் ஏறாதே என்று சொல்ல ஆள் இல்லை.

பாரசீகத்தை ஆண்ட அந்தச் சாசானிய ராஜாக்களை எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அறுபதுகளில் கல்யாணமாகி பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தேன். நீங்கள் ஃபோர்ட்டில் குமாஸ்தா. ஆறரை மணிக்கு வருவீர்கள், காபி குடிப்பீர்கள், மேஜையில் உட்கார்ந்துவிடுவீர்கள். பழங்காசு சேர்க்கும் பார்சிக்காரர் ஒருவர், தான் எழுதும் புத்தகத்துக்காக அந்தக் காசுகளின் பிளாஸ்டர் அச்சுகளைக் கொடுத்தனுப்புவார். அவற்றைப் பார்த்து நீங்கள் கிரீடங்களை வரைய வேண்டும். "ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு கிரீடம். அதை வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கணும்" என்பீர்கள். அன்றைய பேச்சு அதோடு சரி. முப்பது சொச்சம் சக்களத்திகள் எனக்கு, ஏறக்குறைய அத்தனை பேருக்கும் தாடி.

இரண்டு வருஷம் பொறுத்தேன். பக்கத்து வீட்டு ரேடியோதான் துணை. ஒரு நாள் நீங்கள் ஆபீஸ் போனதும், இனி வரமாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு பாலக்காட்டில் அண்ணா வீட்டுக்கு ரயிலேறினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பெட்டியோடு வாசலில் நின்றேன். ஏன் போனாய், ஏன் வந்தாய், ஒன்றும் கேட்கவில்லை நீங்கள்.

"சாப்டியோ?"

சாப்பிட்டதும் உங்கள் மேஜை அருகே இன்னொரு நாற்காலி போட்டு, இரண்டு அச்சுகளை என் முன்னால் வைத்தீர்கள்.

"யாருன்னு சொல்லு, பாப்போம்."

"ரெண்டு ராஜா. ஒருத்தனோட கிரீடத்துல இறக்கை இருக்கே."

"ஒரே ஆள்தான். குஸ்ரூ. நாட்டை விட்டு ஓடிப்போனான். திரும்பி வந்தப்புறம் பழைய கிரீடம் வேண்டாம்னு புதுசு போட்டுண்டான்."

பேனாவை என் கையில் கொடுத்து, "இறக்கையை நீ வரை" என்றீர்கள். இடது இறக்கை கோணலாகிவிட்டது. நீங்கள் திருத்தவில்லை. அப்படியே பார்சிக்காரரிடம் கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து தினமும் இரண்டு நாற்காலிதான்.

நம் அறுபதாம் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும், "என்னை விட்டு இருக்க முடியலை அவளுக்கு, ஓடி வந்துட்டா" என்று சிரித்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த எட்டாவது மாதம் பாலக்காட்டில் மன்னி என் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். அண்ணா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. அதனால்தான் வந்தேன். என்றைக்காவது உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் வராது. வந்தது போக்கிடம் இல்லாமல். இருந்தது உங்களுக்காக. முதலாவதைச் சொல்லப் பயந்து, இரண்டாவதையும் சொல்லாமலே உங்களை அனுப்பிவிட்டேன்.