வெறும் வயிற்றில் குடித்த தேத்தண்ணி

மடுல்சீமை,
ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கம்சலாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் துணையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதுசாகக் கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ பத்துச் சொல்லி அடைத்துவிடுகிறாய், அதற்குள் டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்தும்விடுகிறாய். கடுதாசி என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார். இங்கே இரண்டு வாரமாக அடைமழை, பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் நமது தோட்டத்துக்கு வராமல் வளைவிலேயே திரும்பிப் போகிறது. அப்பா போட்ட போஞ்சிக் கொடி பாதி அழுகிவிட்டது, மீதியை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் குச்சி கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய இருமல் இப்போது இல்லை, அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

தீபாவளிக்கு நீ வராததால் பலகாரம் பேருக்குத்தான் சுட்டேன். சித்திரைக்கு வருகிறேன் என்றாய், அப்புறம் தீபாவளிக்கு என்றாய், இப்போது இன்னும் ஆறு கிலோ இறங்கட்டும் அப்புறம் வருகிறேன் என்கிறாய். போன தடவை கோயில் திருவிழாவில் உன் அத்தை எல்லாருக்கும் முன்னால் கம்சலா நல்லா உடம்பு போட்டுட்டா என்று சொன்னதிலிருந்துதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். வெளிநாடு போன பிள்ளை இளைத்து வந்தால்தான் நம் லயத்து வீட்டுச் சனங்கள் கவலைப்படுவார்கள், சதை போட்டு வந்தால் அங்கே நல்லபடியாகச் சோறு கிடைக்கிறது என்று பெற்றவள் மனசு நிறையும். ஆனால் உனக்கு அது சுட்டுவிட்டது. உடம்பு உன்னுடையது, சுட்டது என்று நீ சொன்னால் சுட்டதுதான், அதில் நான் வாதாட வரவில்லை. எடையைக் குறைக்க நினைத்ததும் தப்பில்லை. முழங்காலுக்காக நானும் அதைத்தானே இத்தனை மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்குத் தூக்கம் போனது ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்ன விஷயத்தால்தான். நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கண் இருட்டிக் கீழே விழுந்தாயாம், கூட வேலை செய்கிறவள் பிஸ்கட் கொடுத்தாளாம், அன்றைய கலோரிக் கணக்கு முடிந்துவிட்டது என்று நீ அதை வாங்கவில்லையாம். அப்போ பசித்தால் என்னதான் செய்வாய் என்று கேட்டேன். “பசிச்சா ஒரு கறுப்புக் கோப்பி குடிச்சிருவேன்மா, அடங்கிரும். அதுல கலோரியே இல்ல” என்று பெருமையாகச் சொன்னாய். நான் உடனே போனை வைத்துவிட்டேன், சிக்னல் விட்டுவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் வைத்தேன். ஏன் என்று சொல்வதற்கு முதலில் என் கதையை நீ கேட்க வேண்டும், போனில் உன்னிடம் சொல்லாமல் விட்ட கதை அது.

பதுளை ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, உடம்பை இறக்கிக்கொண்டு வாங்க, பிறகு ஒப்பரேஷனுக்கு நாள் தருகிறேன் என்று சொன்னது உனக்குத் தெரியும். நீதான் எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு கலோரி நம்பர் வைத்தாய். ஒவ்வொரு பின்னேரமும் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பாய், நான் ரொட்டி, கட்டச்சம்பல், ஒரு கோப்பைச் சோறு, பருப்பு, கீரை என்று ஒப்பிப்பேன், நீ போனில் தட்டிவிட்டு இன்றைக்கு நல்லா இருந்தீங்க என்று பாஸ் போடுவாய். ஆனால் தராசு மட்டும் அசையவேயில்லை. கடைசியில் ஒரு நாள் மறைச்சு மறைச்சுத் தின்றீங்களாம்மா என்று கேட்டுவிட்டாய். நான் அன்றைக்கு அழுதேன் கம்சலா, ஏனென்றால் நான் ஒரு வாய்கூட மறைக்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா என்றுகூட ஒரு தடவை கேட்டாய், இல்லை என்றேன், அதுவும் சத்தியம்தான். நான் எந்தக் காலத்தில் தேத்தண்ணிக்குள் சீனி போட்டேன், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டுதானே குடிப்பேன், நீ பார்த்ததில்லையா.

இது எப்படி வெளியே வந்தது என்றால், போன மாதம் இரத்தம் சோதிக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். விடிய முன்னம் எழும்பி, வழக்கம்போல் பெரிய கோப்பையில் சாயமாக ஒரு தேத்தண்ணி ஊற்றி, கை நிறையச் சீனி வைத்துக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சாப்பாடு ஒன்றும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தில்கூட நாம் தேத்தண்ணி குடிக்கிறோமே, சாமியே அதைச் சாப்பாட்டில் சேர்க்கவில்லை, ஆஸ்பத்திரியா சேர்க்கப் போகிறது என்ற நினைப்பு. றிசல்ட்டில் சீனி ஏறிக் கிடந்ததைப் பார்த்து அங்கே இருந்தவர்களுக்கு ஒரே பரபரப்பு. தமிழ் பேசுகிற றிப்தா மிஸி என்று ஒரு நர்ஸ் வந்து, என்ன சாப்பிட்டீங்க என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். வெறும் வயிறு மிஸி, தேத்தண்ணி மட்டும், அதுவும் சீனி போடாமல் என்று நானும் அடித்துச் சொல்கிறேன். அப்போது அவள் மறுபடியும் இரத்தம் எடுக்கிறதற்காக என் கையைத் திருப்பினாள், விரல் இடுக்கில் சீனி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கோப்பை என்று கேட்டாள், நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததும் போதும்மா என்று நிறுத்திவிட்டாள். ஆக உன் கணக்குச் சரிதான் மகள், என் சாப்பாட்டில் பாதி அந்தக் கணக்குக்குள் வராமலே போயிருக்கிறது. நம்பர் வைத்ததால்தான் எங்கேயோ ஓட்டை என்று தெரிந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

அன்றிலிருந்து சீனியை விட்டேன், தேத்தண்ணியையும் காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று என்று குறைத்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ போஞ்சிக்குக் களை எடுத்துக்கொண்டிருக்கிறேன், வயிற்றுக்குள் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, கை நடுங்கியது, வாயில் தண்ணீர் ஊறியது. நெஞ்சுவலிதான் வரப்போகிறது என்று நினைத்து அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு சுரேஸின் ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். அவர் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சட்டியில் மிச்சம் கிடந்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு துண்டைத் தின்றேன். ஆட்டோ வந்து நிற்கும்போது நான் சட்டி கழுவிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சுவலியும் இல்லை ஒன்றும் இல்லை, பசி. இந்த வயசு வரைக்கும் எனக்குப் பசி எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போயிருக்கிறது. அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுகிறார், சுரேஸ் பார்க்கிற இடத்திலெல்லாம் அக்கா இன்னைக்குக் கிழங்கு சாப்பிட்டாச்சா என்று கேட்கிறான்.

யோசித்துப் பார்த்தேன், எனக்கு எப்படித் தெரிந்திருக்கும். அந்த நாளில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் காலையில் ஒரு தேத்தண்ணி, கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும்போது போத்தலில் தேத்தண்ணி, வயிறு இழுக்கும்போதெல்லாம் ஒரு வாய். அது பசியாற இல்லை மகள், பசியை அமத்த. கை நின்றால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் கூலி. மழைக் காலத்தில் கொழுந்து தளதளவென்று நிற்கும், வெயில் காலத்தில் செடியில் ஒன்றும் இருக்காது, கங்காணி கேட்கிற கிலோ மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். செடி இன்றைக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அந்தக் கிலோவுக்குத் தெரியாது. நீ இரவு முழுக்க ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற நாளும், லீவில் போர்வைக்குள் கிடக்கிற நாளும் உன் போனுக்கு ஒரே நம்பர்தானே. தாண்டினால் சிவப்பு எழுத்தில் காட்டும் என்றாயே, அதைப் பார்த்தால் எனக்கு அரைப்பேர் ஞாபகம்தான் வருகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியில்லாமல் நான் பசியை அமத்தினேன். உன்னை யார் அங்கே மலையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள், நீயே உன்னை ஏன் இப்படி வேலை வாங்குகிறாய். கோப்பி என்று நீ சொன்னதும் நான் போனை வைத்தது அதனால்தான்.

அதற்காகப் பசி சொல்கிறதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்ல வரவில்லை. றிப்தா மிஸி சொன்னாள், வயிறு கேட்கிறதா வாய் கேட்கிறதா என்று பாருங்க, பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, போதும் என்றால் விட்டுவிடுங்க என்று. சொல்ல லேசு, செய்யத்தான் கஷ்டம். மழை நேரத்தில் வடை வாசனை வந்தால் எனக்குப் பசிக்கிறது, அது பொய்ப் பசி. உன் போன் வராத பின்னேரங்களில் நல்லாவே பசிக்கிறது, சோற்றைத் தின்று முடித்த பிறகும் அது அடங்குவதில்லை, அது என்ன பசி என்று எனக்கே தெரியும். அந்த மாதிரி நேரத்தில் நீ வைத்த கலோரி நம்பரை நினைத்துக்கொள்வேன், ஒரு வேலி மாதிரி உதவுகிறது. ஆனால் காலையில் வேலை செய்து களைத்து வருகிற பசி பொய் சொல்வதில்லை, அதற்கு எந்த நம்பரையும் பார்க்காமல் சோறு போட்டுக்கொள்கிறேன். முந்தி ராத்திரியில்தான் மலைபோல் குவித்துச் சாப்பிடுவேன், இப்போது பகலில் நேரத்துக்குச் சாப்பிடுவதால் ராத்திரி பாதிக்கே வயிறு போதும் என்கிறது. தராசும் மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கிறது. நீயும் நம்பரைத் தூக்கி எறிய வேண்டாம், அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரிடம் விழுந்ததைச் சொல்லி, இந்த நம்பர் எனக்குக் காணுமா, குறைவா என்று ஒரு வார்த்தை கேள். அதுவரை பசி வந்தால் கோப்பி ஊற்றி அதன் வாயை அடைக்காதே, உட்கார்ந்து சாப்பிடு. முடி கொட்டுகிறது என்றும் சொன்னாயே, அதையும் மறைக்காமல் சொல்.

இனி முக்கியமான செய்தி. செவ்வாய்க்கிழமை கிளினிக் போனேன். டொக்டர் சொன்ன எடைக்கு இன்னும் இரண்டு கிலோ பாக்கி, இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டே தராசில் ஏறினேன். அவர் எடையைப் பார்த்தார், இரத்த றிசல்ட்டைப் பார்த்தார், என்னை அந்த அறைக்குள்ளேயே நடக்கச் சொல்லிப் பார்த்தார். நல்லா வந்துட்டீங்க, அந்த ரெண்டு கிலோவுக்காக இந்தக் காலை இன்னும் நோக வைக்க வேணாம் என்று சொல்லித் தை மாதத்தில் நாள் தந்துவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோசத்தில்தான். அவர் எனக்கு இரண்டு கிலோ விட்டுக்கொடுத்தார் கம்சலா, முன்பின் தெரியாத மனுசர். நீ உனக்கு அந்த ஆறு கிலோவை விட்டுக்கொடுக்க மாட்டாயா. பிறகு றிப்தா மிஸி வார்டில் துணைக்கு ஒரு பொம்பளை நிற்க வேண்டும், யார் வருவா என்று கேட்டாள். அத்தை வருகிறேன் என்று முந்தியே சொல்லித்தான் இருந்தாள், அப்பாவும் பக்கத்தில் நின்று அத்தையின் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தார். நான் மகள் வருவா என்று சொல்லிவிட்டேன்.

மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கைக்கு நல்ல பலமும் உன் வயிற்றுக்கு வேளாவேளைக்குச் சோறும் கொடுக்கட்டும். அப்பா ஆசிர்வாதம் சொல்லச் சொன்னார், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளவும் சொன்னார். டிக்கட்டை மார்கழி பிறக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துவிடு, பொங்கல் நெருங்கினால் கிடைக்காது.

இப்படிக்கு,
நீ எப்படி இருந்தாலும் உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா இராக்கம்மா