மெரூன் நூலோடு மஞ்சள் நூல்

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

இன்று காலை, துணி ஓரம் அடிக்கும் உன் ஓவர்லாக் மெஷினின் உறையை எடுத்தேன். எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த அதே வாசனை. கோன்களில் நீ கடைசியாகப் போட்ட மெரூன் நூல் அப்படியே இருந்தது. நீ போனதிலிருந்து நான் அதைத் தொடவே இல்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி துக்கம், மீதி பொறாமை. அது உனக்கும் தெரியும்.

ஆர்.எஸ்.புரத்தில் நாம் சேர்ந்து தையல் கடை போட்ட நாளிலிருந்தே வருகிறவர்கள் உன்னைத்தான் தேடினார்கள். நான் பார்த்துப் பார்த்து வெட்டிய கழுத்து யார் கண்ணிலும் படாது. துணியை உள்பக்கம் திருப்பி, நீ அடித்த ஓரத் தையலைத் தடவிப் பார்ப்பார்கள். அதே மெஷினில் நான் ஓட்டினால் பனியன் துணி அப்பளம் போல நெளியும். நீ ஓட்டினால் படிந்து கிடக்கும்.

"துணியப் புடிச்சு இழுக்காத அம்மணி, அதுபாட்டுக்கு நடக்கட்டும்" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வயிறு எரியும்.

இன்று அன்னூர்க்காரப் பெண் ஒருத்தி மகளுக்குக் கவுன் தைக்க மஞ்சள் பனியன் துணி கொண்டுவந்தாள். நீ செய்வது போலவே மெரூன் நூலை உருவாமல், கோன் பக்கத்தில் நறுக்கி, ஒவ்வொன்றிலும் மஞ்சளை முடிச்சுப் போட்டு இழுத்தேன். ஊசிக் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே வெட்டிப் புதிதாகக் கோத்தேன். முதலில் இரண்டு நிறமும் கலந்து வந்த தையல், பிறகு முழு மஞ்சளானது. துணி நகர்வதைக் கூட்டிக் குறைக்கும் திருகு, நீ வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். இழுக்கவும் இல்லை.

மாலையில் அவள் கவுனைத் திருப்பித் தையலை விரித்துப் பார்த்தாள். "அந்தக்கா தச்சாப்பலயே இருக்குதுங்க" என்றாள்.

இத்தனை வருடம் ஏங்கிய பாராட்டு. அதையும் நீயே வாங்கிக்கொண்டாய்.

அடுத்து ஒரு ஜார்ஜெட் துணி. பனியனுக்கு வைத்த திருகு ஜார்ஜெட்டைச் சுருக்கிவிடும், மாற்றித்தான் ஆகவேண்டும். கை வைத்தேன், திருப்ப மனம் வரவில்லை. நீ வைத்த இடம் மறுபடி கிடைக்காமல் போய்விட்டால்? என் நகப்பூச்சை எடுத்து அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திருப்பினேன்.

ஜார்ஜெட் ஓரம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்தது. உனக்கே அது லேசில் வராது. நிமிர்ந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த உன் நாற்காலியைப் பார்த்தேன். நீ ஒரு தடவையாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.