மூன்றாவது கோடு

அம்மணி, இன்று காலை மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். சுவரில் நீ பச்சை சாக்பீஸால் இழுத்த நாலு கோடுகளைக் காட்டி, "ஏனுங்க்கா, இதையும் அடிச்சுரலாமுங்களா?" என்று கேட்டார். ஒன்று படுத்த கோடு, ஒன்று மேலே ஏறுவது, ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறுவது, ஒன்று சரிந்து விழுவது. அந்த மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நீ சீன பாஷை சொல்லிக்கொடுக்க மாடிக்குக் குடிவந்தபோது, அன்னூரில் அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று சிரித்தேன். சீனாவுக்கு மிஷின் வாங்கப் போகிறவர்கள் பதினோரு பேர் வந்தார்கள். எல்லாம் மீசை நரைத்த ஆட்கள். அதில் நார் மில்காரர் வரும்போதெல்லாம் தேங்காய் கொண்டுவருவார். அந்தத் தேங்காயில் நாம் சுட்ட ஒப்புட்டு இருக்கிறதே... அதை விடு, சொல்ல வந்தது வேறு.

ஒரு சாயங்காலம் தலையில் கைவைத்துக்கொண்டு இறங்கி வந்தாய். "அக்கா, 'மை'ங்கறப்ப தொண்டை பள்ளத்துல எறங்கி ஏறுனா வாங்கறது, சரிஞ்சு விழுந்தா விக்கறது. இவங்க ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றாங்க. மிஷின் வாங்கப் போயி மில்லை வித்துப்போட்டு வருவாங்களாட்ட இருக்குது."

"பேச வராட்டிப் பாடச் சொல்லு கண்ணு" என்று கூடவே மேலே வந்தேன். சுவரில் இருந்த நாலு கோடும் குரல் போகிற நாலு வழி என்று காட்டினாய். கும்மிப் பாட்டில் ஒரு கோடு கிடைத்தது, தாலாட்டில் இரண்டு கிடைத்தன. பள்ளத்தில் இறங்கி ஏறும் மூன்றாவதுக்கு மட்டும் எதுவும் ஒத்துவரவில்லை. யோசிக்காமல், ஊருக்கெல்லாம் நான் பாடும் ஒப்பாரியில் வரும் வளைவை இழுத்துவிட்டேன்.

இழவு வீட்டைத் தவிர வேறெங்கும் ஒப்பாரி வாயில் வரக்கூடாது. பழகுவதற்குக்கூட என் அம்மா என்னைக் காட்டுக்குத்தான் கூட்டிப்போவாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஐயோ, நல்லா இருக்கற ஊட்டுல பாடிப்போட்டனே!"

நீ சிரித்தாய். "உங்களுக்குத்தான் அது இழவு. சீனாக்காரனுக்கு அது சந்தைக்குப் போற சத்தமுங்க்கா."

அப்புறம் அதுவே பாடமாகிவிட்டது. நான் வளைவை இழுப்பேன், பதினோரு பேரும் 'மை' என்பார்கள். சாயங்காலம் தவறாமல். நானும் பயத்தை மறந்துபோனேன்.

நாலே மாதம். பால் பாக்கெட்டோடு படியேறினவள், "வாரேனுங்க்கா" என்றாய். பத்து மணிக்கு நீ இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அது என் காதில் ஏறவே இல்லை. நான் பாடித்தான் சாவைக் கூப்பிட்டுவிட்டேன் என்பது மட்டும் ஏறியது.

உன் சொந்த ஊரான வெள்ளகோவிலுக்கு உன்னைக் கொண்டுபோகும் முன்னால் என் கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். பொம்பளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். மறுபடி பாடப் பயந்து, உன் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். நார் மில்காரர் குனிந்து சொன்னார்: "ஊரு சனத்துக்கெல்லாம் பாடுனீங்க. டீச்சரை மட்டும் சும்மா அனுப்பிப்போடுவீங்களா?"

பாடினேன். அந்த வளைவும் வந்தது. பின்னால் நின்ற பதினோரு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது: "மை."

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர்களும் அரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, அம்மணி. தானாக வந்துவிட்டது. ஆனால் ஒருவர்கூடப் பிசகவில்லை. பள்ளத்தில் இறங்கி, அப்படியே ஏறியது.

வெள்ளையடிக்க வந்தவரிடம் மூன்று சுவர் போதும் என்று சொல்லிவிட்டேன். நான் பாடியதால்தான் நீ போனாயா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் எந்த இழவு வீட்டில் பாடினாலும் அந்த வளைவு முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்துகிறேன். "தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்று பொம்பளைகள் கேட்கிறார்கள். பதில் வருகிற இடம் அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?