தும்பி பார்க்க வந்தவர்

கார்த்திகை, வெள்ளி இரவு.

கீரிக் கிராமத்தில் எங்கள் காணிக்குள் இருக்கும் சதுப்புக் குளத்தடியில் சில நாளாக ஒருவர் கமராவுடன் குந்தியிருக்கிறார். பறந்து போய்த் திரும்பவும் அதே புல்நுனியில் வந்து இருக்கும் சிவப்புத் தும்பியைப் படம் பிடிக்கிறாராம். நம்பினேன். இன்று, "ஆருடைய காணி ஐயா?" என்று கேட்டார். தும்பிக்குக் காணி உறுதிப் பத்திரம் எதற்கு? ஹோட்டல்காரர் காணி தேடிக் கடற்கரையெல்லாம் துருவித் திரியும் காலம். மகளுக்கென்று எங்களிடம் இருப்பது அந்த ஒரு துண்டுதான்.

"கோயில் காணி தம்பி. விற்க ஏலாது" என்று கூசாமல் பொய் சொன்னேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் எங்கள் கோயிலின் பாதிரியார், பங்குச் சுவாமியார் வந்தார். படம் பிடிக்க அனுமதி கேட்டு அந்த மனிதர் நேரே அவரிடம் போயிருக்கிறார்.

"குளத்தடிக் காணியைக் கோயிலுக்குக் குடுத்திட்டியளாம். எனக்கொரு வார்த்தை சொல்லேல்லையே?"

"அது சும்மா கதைக்குச் சொன்னனான், சுவாமி."

"கோயிலின்ர பேரிலயோ சும்மா கதை?" என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தார்.

மகளின் காணியோடு விளையாடிவிட்டேன் என்று மனுசிக்கு என்னில் இன்னும் கோபம். தும்பிக்காரரில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் சுவாமியார் திரும்பிப் போகும்போது குளத்தடியில் இறங்கி, எங்கள் எல்லைக் கல்லை ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்?