ஆமென் சொன்னவருக்கு

என்னங்க,

நீங்கள் எழுந்திருக்கும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். ராத்திரி நீங்கள் சொன்ன காரியத்துக்காக அல்ல, ஸ்கேன் எடுக்க.

"நாப்பத்தாறு வயசுல பிள்ளையா? பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல ஊரே சிரிக்கும். கலைச்சுடு" என்றீர்கள். போன ஞாயிறு, தள்ளாத வயதில் பிள்ளை பெற்றவளைப் பற்றிப் போதகர் பிரசங்கித்தபோது, சபையிலேயே சத்தமாக "ஆமென்" சொன்னது யாராம்?

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம்தான் வருகிறார்கள்.

வெளியே கிளம்பினால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வேண்டாம். முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிடுவார்.

பி.கு: மகளிடம் சொல்லிவிட்டேன். "கல்யாண போட்டோவுல உன் வயிறுதாம்மா முன்னாடி நிக்கும்" என்று சிரித்தாள். பிறகு என் வயிற்றில் கை வைத்து ஜெபித்தாள். நான் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த குழந்தை, எனக்காக! கர்த்தர் செய்வதைப் பாருங்கள்.

இன்னொன்று: குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க, என்னோடு இன்னொருவரையும் உள்ளே விடுவார்களாம். என்னைக் கூப்பிடும்வரை, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்திருப்பேன்.