மூன்றாம் நம்பர் போர்டு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்,
பெங்களூரு.
ஏப்ரல் 28

அன்புள்ள அதிதிக்கு,

மித்ரா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமாக இருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டேன், அதனால் விசாரிக்கவில்லை.

வாட்ஸப் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கேட்ட மூன்றாம் நம்பர் போர்டு இதே பெட்டியில்தான் இருக்கிறது. நாளைக் காலை கூரியரில் போகிறது. அதற்குக் கரண்டு கொடுப்பதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

முதலில் இங்கத்திய செய்தி. உன் நாற்காலியில் தெர்மாகோல் அடுக்கி வைத்திருக்கிறோம். சீனிவாசராகவன் சார் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உன் வீடியோவைக் காட்டுகிறார். நடுவில் நிறுத்தி, "நம்ம பொண்ணு, பெர்லின்ல" என்கிறார். பேக்கிங் ஆஷா என் தோளில் தட்டி, "ஃபிரெண்டு பெர்லின்ல, நீ பீன்யால. ரெண்டுமே ஊர்தானே, விடுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வீடியோவை நான் பதினோரு தடவை பார்த்தேன். உன் நீலக் கோட்டின் கையில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த அளவுக்கு இறங்கிவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நம் ஃபில்டருக்குக் 'கோலார்' என்று பெயர் வைத்ததை வீடியோவில்தான் தெரிந்துகொண்டேன். ரெசொனன்ஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் வருகிற அந்தக் கத்தல், தங்கச் சுரங்கத்தின் ஷிஃப்ட் சங்கு போல இருக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறாய். அப்படிச் சொன்னது என் அப்பா. போன வருஷம் அவருக்குப் போனில் போட்டுக் காட்டினேன். என்ன பெட்டி இது என்று கேட்டார். மின்னணு இசைக்காரர்களுக்குச் சத்தத்தைச் சலிக்கிற பெட்டி, கனத்த சத்தத்தை மட்டும் விடும், கீச்சை மட்டும் விடும், நடுவில் இருப்பதை மட்டும் விடும், எல்லாம் ஒரே பெட்டியில் என்றேன். "இத எவன் வாங்குறான்?" "ஜெர்மன்காரன்பா." "அவனுக்கு வேற வேல இல்லியா?" என்றார். அப்புறம் அந்தக் கத்தலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "இது நம்ம சங்கு மாதிரியே இருக்குதும்மா. இன்னொரு வாட்டி போடு" என்றார். இருபத்தாறு வருஷம் அந்தச் சங்குக்குக் கீழே இறங்கியவர். அடுத்த நாள் சாப்பிடும்போது இதை உன்னிடம் சொன்னேன். அதைத்தான் நீ மேடையில் சொன்னாய். கோலார் தங்கவயலுக்கு நீ ஒருநாளும் வந்ததில்லை. புத்த பூர்ணிமாவுக்கு மூன்று வருஷம் கூப்பிட்டேன்.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. மூன்று வருஷமும் உன் புளியோகரையில் பாதி எனக்கு வைத்தாய். என் டப்பாவில் ஒருநாளும் நீ கை வைக்கவில்லை. நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நீ இருந்தது சாப்பாட்டில் மட்டும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் சித்தி பெண் கல்யாணத்துக்கு நீ சென்னை போயிருந்த வாரம்தான் மூன்றாம் நம்பர் போர்டைச் சால்டர் செய்தேன். டி-7 இடத்துக்கு டயோடு தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை சாயந்திரம், எஸ்.பி. ரோட்டிலிருந்து சாமான் வரவில்லை. பேனலுக்கு வாங்கிய சிவப்பு எல்.இ.டி. டப்பாவில் கிடந்தது. அதுவும் டயோடுதானே என்று தற்காலிகமாக அதை வைத்தேன். குமிழைத் திருப்பினேன். போர்டு தொண்டை கட்டியவன் போலக் கத்தியது. அங்கே ஜோடியாக உட்காருகிற இரண்டு டயோடும் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கத்தல் வராது. ஒன்று வேறு சாதியாக இருந்ததால் வந்தது.

திங்கட்கிழமை நீ கேட்டுவிட்டு, "ஐயோ மித்ரா, என் செட்டிங் எப்படி வந்திருக்கு பாருடி!" என்று குதித்தாய். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார் ஓடி வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முந்தின மாசம்தான் ஒரு ரெசிஸ்டரை மாற்றியதற்கு அவர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார்: "டிராயிங்ல என்ன இருக்கோ அதை மட்டும் போடும்மா. யோசிக்கறதுக்கு வேற ஆள் இருக்கா." நீ மாற்றினால் பரிசோதனை, நான் மாற்றினால் தப்பு. வாயை மூடிக்கொண்டேன். நீயும் போர்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவு செய்தாய், அதை உலகம் கேட்டது.

பெர்லினில் நம் பெட்டியைக் காட்ட இரண்டு பேர் என்று சார் முதலில் சொன்னதை நீ மறந்திருக்கலாம். நான் பாஸ்போர்ட் எடுத்தேன். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது அம்மா அவருக்கு டீ கொடுத்து, பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் சார், அங்கே இங்கிலீஷில் பேச வேண்டியிருக்கும் என்றார். உன்னிடம் சொன்னேன். "அடுத்த வாட்டி கண்டிப்பா நீதான்டி" என்றாய்.

பத்து நாள் முன்னால் நீ போன் செய்தாய். "இங்க இருக்கற ரெண்டாம் நம்பர் பச்சைத் தண்ணி மாதிரி இருக்குடி. மூணாம் நம்பர்ல ஏதாவது வித்தியாசமா பண்ணினியா?" டிராயிங்கில் இருப்பதைத்தான் போட்டேன் என்றேன். பொய். சரி, அந்தப் போர்டையே அனுப்பு, மேடையில் அதைத்தான் வாசிக்கப் போகிறேன், ஆர்டரே அதில்தான் இருக்கிறது என்றாய்.

சனிக்கிழமை சார் பேக் செய்யச் சொன்னார். நான் எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டுச் சாதா டயோடை வைத்தேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தமான வேலை. நீ மேடையில் குமிழைத் திருப்புவாய், அது பச்சைத் தண்ணியாக நிற்கும், வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதை நினைத்து ரயிலில் சிரித்துக்கொண்டே போனேன். எதிர் சீட்டு அம்மா, "என்னா கண்ணு, நல்ல சேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்று சீல் ஒட்டுவதற்கு முன்னால் கடைசி டெஸ்ட். குமிழைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. நல்ல பிள்ளை மாதிரி விசில் மட்டும் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. உன் வாயை அடைப்பதாக நினைத்து என் சத்தத்தை நானே அடைத்திருக்கிறேன்.

இரண்டு நிமிஷத்தில் திரும்ப வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வைத்துவிட்டால் உனக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

இந்தக் காகிதத்தின் கீழே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேனே, அதுதான் அந்த எல்.இ.டி. புதிதல்ல, அதேதான். டி-7ஐக் கழற்று. போர்டில் கோடு போட்ட பக்கம் குட்டைக் கால் போக வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்காதே. மூன்று வருஷம் உன் சால்டரிங் முழுவதையும் நான்தான் செய்தேன், நீ அயர்னைக் கரண்டி மாதிரி பிடிப்பாய். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள். ஊதாதே, தானாக ஆறட்டும். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுக் குமிழை முழுக்கத் திருப்பு. அது கத்தும்போது பேனலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரியும். இதுவரை நான் ஒருத்திதான் அதைப் பார்த்திருக்கிறேன்.

டிராயிங்கையும் நீ திருத்த வேண்டியிருக்கும். கீழே 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் உன் பெயர் இருக்கிறது. பக்கத்தில் இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன்.

இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினால் என் வேலை போய்விடும். எழுதும்போதே தெரிந்துதான் எழுதினேன்.

மேடையில் தைரியமாகத் திருப்பு. அது கத்தும், பயப்படாதே. உனக்கு எல்லாம் நன்றாக நடக்கட்டும். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதே.

பொறாமை தீராத,
சங்கமித்ரா

பி.கு.: என் பாஸ்போர்ட் இன்னும் ஒன்பது வருஷம் செல்லும்.