கியர் சைக்கிளைப் போட்டுவிடாதீர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, திருப்பூரிலிருந்து இசைப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நேற்று விடுதி வார்டனின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. நான்தான் மாட்டிக் கொடுத்தேன். "வாயே தொறக்காத அம்மிணிக்குக் கை நல்லாப் பேசுதே!" என்று சிரித்தார். கையில் பட்ட கிரீஸைக் கழுவ மனம் வரவில்லை. நீங்கள் மைன்ஸில் ஷிப்ட் முடித்து வந்ததும் நம் கியர் சைக்கிளைத் துடைப்பேனே, அதே வாசனை.

போனில், "கல்யாணத்துக்கு முன்ன வாங்கனது, கியரே மாறமாட்டேங்குது. வெச்சிகினு என்னா பண்றது? காயலாங்கடையில போட்டுடறேன்" என்றீர்கள். வேண்டாம் அப்பா. கியர் ஒயர்தான் இறுகியிருக்கும், எண்ணெய் விடுங்கள். பொங்கலுக்கு வந்து நானே மாற்றுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது பின்சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை சுற்றிவிடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், அந்தச் சத்தம் போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, போகிறேன்.

இசை